வீட்ல எல்லாரும் சௌக்கியமா?

அத்தியாயம் ஐந்து

பழிவாங்க வருகிறவர்கள் வழக்கமாகக் கொஞ்சம் சத்தம் போடுவார்கள். மேசையைக் குத்துவார்கள். கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு மறுபடியும் குத்துவார்கள். அன்று காலை துப்பறியும் அலுவலகத்துக்கு வந்தவனோ, பல் மருத்துவரிடம் முறை வந்தவன்போல நாற்காலியின் நுனியில் அடக்கமாக உட்கார்ந்தான்.

"பணம் திரும்ப வரணும்னு இல்ல மேடம்," என்றான். "அந்த ஆளோட மூக்கு உடையணும். நாலு பேர் பாக்க உடையணும்."

இதைச் சொல்லும்போது அவன் முகத்தில் ஒரு தசைகூட அசையவில்லை. ஒல்லி அவனை முன்னால் வந்து பார்த்தான், பக்கவாட்டில் போய்ப் பார்த்தான். கோபமா, தூக்கமா, வயிற்று வலியா என்று எதுவும் தெரியவில்லை.

"உங்களுக்கு உண்மையிலேயே கோபம்தானா சார்?" என்று கேட்டே விட்டான்.

"கொதிக்குது," என்றான் வந்தவன், வெந்நீர் வேண்டாம் என்று சொல்லும் குரலில்.

ஒல்லி அந்த அலுவலகத்தின் உதவியாளன், ஓட்டுநர், கூட்டிப் பெருக்குபவன், வாய் ஓயாதவன். ஒல்லி என்பது பட்டப்பெயர். அதை வைத்தவர்களுக்குக் கண்ணில் கோளாறு இல்லை, நாக்கில்தான் கொழுப்பு. அவன் உட்கார்ந்தால் நாற்காலியின் கைப்பிடிகள் ஒன்றையொன்று விட்டு விலகும். அலுவலகத்தை நடத்தும் மேடம் முன்பு ஒரு காப்பீட்டுக் கம்பெனியில் இருந்தவர். செத்துப்போனதாகக் கையெழுத்துப் போட்டுப் பணம் வாங்கியவர்களை டீக்கடையில் உட்கார்ந்த நிலையில் கண்டுபிடிப்பது அங்கே அவருக்கு வேலை. பொய் சொல்கிறவர்களிடம் அவருக்குக் கோபமே கிடையாது. சோறு போட்டவர்கள் ஆயிற்றே.

வந்தவனுக்குப் போக்கர் ஆடுவதே பிழைப்பு. ஆட்டக்காரர்கள் வைத்த பெயர் கல்லு. விளையாட்டு என்னவோ எளிது. ஆளுக்கு இரண்டு சீட்டு மூடிக் கொடுப்பார்கள். மேசை நடுவில் ஐந்து சீட்டு திறந்து வைப்பார்கள். நல்ல சீட்டு சேர்ந்தால் பணம் கட்டலாம். சேராவிட்டாலும் சேர்ந்த மாதிரி கட்டி எதிராளியைப் பயமுறுத்தி விரட்டலாம். வேலைக்கான நேர்காணலில் நடப்பதுதான். இங்கே கொஞ்சம் நேர்மையாக நடக்கும்.

"நல்ல வருமானமோ?" என்றான் ஒல்லி.

"கொஞ்ச மாசம் மழை, கொஞ்ச மாசம் வறட்சி. கரண்ட் பில்லுக்கு வறட்சின்னா என்னன்னே தெரியாது." கல்லு தன் கைகளைப் பார்த்துக்கொண்டான். "பேங்க்ல லோன் ஃபாரத்துல தொழில்னு ஒரு கட்டம் இருக்கு. என்ன எழுதறதுன்னு பேனாவை வச்சுக்கிட்டே உக்காந்திருந்தேன். பின்னாடி நின்னவர் பேனாவை வாங்கிட்டுப் போய்த் தன் வேலையை முடிச்சுட்டு வீட்டுக்கே போயிட்டார். தோத்த நாள்ல அக்கம்பக்கம் பாக்க சீக்கிரம் வீட்டுக்குப் போக முடியாது. ஆபீஸ் விடற நேரம் வரைக்கும் ஏதாவது பார்க்கிங்ல கண்ணை மூடிட்டுக் கிடப்பேன். முதுகு போச்சு. அதெல்லாம் கூடப் பரவாயில்ல. ஆட ஒரு கைமுதல் வேணும் மேடம். தச்சனுக்கு உளி மாதிரி. போன மாசம் அந்த ஆளு என் உளியையே புடுங்கிட்டுப் போயிட்டான்."

அந்த ஆளுக்குப் பேராசிரியர் என்று பெயர். எப்போதோ ஒரு டுடோரியல் கல்லூரியில் கணக்குப்பதிவியல் நடத்தி, மாணவர்கள் கேட்டுக்கொண்டதன் பேரில் வெளியேறியவர். கிளப்பின் சீட்டறையில் நடக்கும் பெரிய ஆட்டத்தைப் படம் பிடித்து இணையத்தில் நேரலையாகக் காட்டுவார்கள். கல்லு தன் செல்பேசியை மேசை மேல் வைத்து அந்தப் பதிவை ஓட்டினான்.

திரையில், கையில் ஒன்றுமே இல்லாமல் கல்லு, பணத்துக்குப் பதிலாக வைக்கும் தன் சில்லுகள் அத்தனையையும் நடுவே தள்ளினான். முகம் கல்லாகவே இருந்தது. எதிரே விளிம்பில்லாத கண்ணாடியும் கோட்டும் போட்ட பேராசிரியர் கன்னத்தில் விரல் வைத்து, புன்னகைத்து, கேட்டார்: "வீட்ல எல்லாரும் சௌக்கியமா?"

"எல்லாம் நல்லபடியா போகுது," என்றான் திரையிலிருந்த கல்லு.

பேராசிரியர் கண்களை மூடினார். காமிராவுக்குப் போதுமான நேரம் மூடியிருந்தார். பிறகு, "நண்பரே, உமது மூச்சில் ஒரு விரிசல் கேட்கிறது," என்று சொல்லி, வெறும் இரண்டு ஒன்பதுகளை வைத்துக்கொண்டு முழுப்பணத்தையும் கட்டினார். கல்லுவின் கைமுதல் மேசையின் அந்தப் பக்கம் போயிற்று.

"ரெண்டு ஒன்பதை வச்சுக்கிட்டு எவனும் அதைக் கட்ட மாட்டான் மேடம். அவனுக்குத் தெரிஞ்சிருக்கு. எப்படித் தெரிஞ்சுது? ஞாயித்துக்கிழமை மறுபடி அவன்கூட உக்காரறேன். வீட்டுப் பத்திரத்தை வட்டிக்காரர்கிட்ட வச்சுட்டேன். அதுக்குள்ள எனக்குத் தெரியணும். இல்லைன்னா வீடும் போயிடும்."

மேடம் பதிவை மறுபடி ஓட்டினார். "கல்லுன்னு பேர் வச்சிருக்காங்க. மேசையில பேசவே மாட்டீங்க இல்ல?"

"பேச மாட்டேன். என்ன கேட்டாலும் பேச மாட்டேன்."

"இதுக்கு மட்டும் பேசியிருக்கீங்க."

கல்லு முதல்முறையாகக் கொஞ்சம் குழம்பினான். "சௌக்கியமான்னு கேட்டா பதில் சொல்லாம எப்படி மேடம் இருக்கறது? மரியாதை இல்லையா?"

மேடம் ஒல்லியைப் பார்த்தார். "சீட்டைப் பத்திக் கேக்கல. பணத்தைப் பத்திக் கேக்கல. வீட்டைப் பத்திக் கேட்டிருக்கார். வண்டியை எடு. முதல்ல அந்த மூச்சு நிபுணரைப் பாத்துட்டு வருவோம்."

*

பேராசிரியர் ஒரு பயிற்சி நிலையம் நடத்தினார். மாடிப்படி முழுவதும் அவர் படம். கீழ்ப்படியில் யோசித்தார், நடுப்படியில் வானத்தைப் பார்த்தார், மேல்படியில் பார்க்க வானம் போதாமல் தன்னையே பார்த்துக்கொண்டார். வரவேற்பறைச் சுவரில் ஒரு சான்றிதழ் மாட்டியிருந்தது. ஒல்லி கிட்டே போய்ப் படித்தான். உளவியலில் உலகத் தரம் வாய்ந்தவர் என்று அவருக்கு வழங்கப்பட்டிருந்தது. கீழே வழங்கியவர் கையெழுத்தும் அவருடையதே.

"வெளியாளை நம்பினா கையெழுத்து மாறிடும்னு பயந்துட்டார் போல," என்று முணுமுணுத்தான்.

மேடம் தன்னை விதவை என்றும், மூன்று துணிக்கடைகளுக்கு முதலாளி என்றும், பக்கத்தில் நிற்பது அத்தை மகன் என்றும், மனத்தைப் படிக்கும் கலையைக் கற்றுக்கொள்ள வந்திருப்பதாகவும் சொன்னார். அவருடைய கணவர் அந்நேரம் வீட்டில் துணி மடித்துக்கொண்டிருந்தார். துணிக்கடைக்கும் மேடத்துக்கும் இருந்த ஒரே உறவு பழைய பாக்கி.

"தங்கள் துயரம் தங்கள் நெற்றியில் எழுதியிருக்கிறது அம்மணி," என்றார் பேராசிரியர் கனிவோடு. "கணவர் பிரிந்த வேதனை இன்னும் ஆறவில்லை."

"எப்படி சார் கண்டுபிடிச்சீங்க!"

"முகம் ஒரு திறந்த புத்தகம். வாசிப்பவர்தான் குறைவு." அவர் ஒல்லி பக்கம் திரும்பினார். "இந்த இளைஞர் காதலில் தோற்றவர். உறக்கமில்லை. உணவில் நாட்டமில்லை."

உணவில் நாட்டமில்லாத இளைஞன் தன் வயிற்றைக் குனிந்து பார்த்தான். அது அவனுக்கு முன்பே அறைக்குள் வந்து உட்கார்ந்திருந்தது. "ஆமா சார், மூணு வேளைக்கு மேல இறங்கறதே இல்ல," என்றான் தழுதழுத்து. பேராசிரியர் அவன் தோளைத் தட்டிக் கொடுத்தார்.

அந்தப் பிரபலமான ஆட்டத்தைப் பற்றி மேடம் கேட்டார். பேராசிரியர் அதற்காகவே காத்திருந்தவர்போல எழுந்து நின்று பேசினார். மூச்சின் லயம், இமையின் துடிப்பு, கழுத்து நரம்பின் மொழி. சௌக்கியம் விசாரிப்பது எதிராளியின் இதயக் கதவைத் தட்டும் உத்தி. மூன்றாவது பாடத்தில் வரும். அதற்குக் கட்டணம் தனி.

படியிறங்கும்போது ஒல்லி கேட்டான். "என்ன மேடம், ஆளு கெட்டிக்காரரா?"

"வாசல்ல இருந்து எண்ணு. எத்தனை பொய் சொன்னேன்? ஒண்ணாவது மாட்டிச்சா? எதிர்ல உக்காந்து பச்சையா புளுகற பொம்பளையைக் கண்டுபிடிக்கத் தெரியாத மனுஷன், கல்லுக்குள்ள இருக்கறதைக் கண்டுபிடிச்சாராம்." மேடம் கார்க் கதவைத் திறந்தார். "இவருக்குப் படிக்கத் தெரியாதுடா. யாரோ படிச்சுச் சொல்லியிருக்காங்க."

"யாரு?"

"வீட்டைப் பத்தித்தானே கேட்டார்? வீட்டுக்கே போவோம்."

*

கல்லுவின் வீடு ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் பின்பக்கம், பம்பு அறைக்கு மேலே இருந்தது. உள்ளே எல்லாம் சுத்தமாக இருந்தன. பாதிப் பொருள்களைக் காணோம். டிவி மாட்டியிருந்த சுவரில் டிவியின் அளவுக்கு மட்டும் பெயின்ட் புதுசாகத் தெரிந்தது. மழை மாதத்தில் வருவதும் வறட்சி மாதத்தில் போவதுமாக அந்த வீட்டுச் சாமான்களுக்கு ஓயாத பயணம். கல்லு சமையலறைக் குழாயைக் கழற்றிப் பழுது பார்த்துக்கொண்டிருந்தான். பிளம்பருக்குக் கொடுக்கும் நிலைமை இல்லை. அவன் மனைவி அடுப்பருகே நின்று, வந்தவர்களுக்கு ஒரு தலையசைப்பைக் கொடுத்தாள். அவள் முகத்தில் கேள்வி எதுவும் இல்லை.

செல்பேசி அடித்தது. கல்லுவின் கை ஈரம். மனைவி பொத்தானை அழுத்தி ஒலிபெருக்கியில் போட்டாள்.

"என்ன மாப்பிள்ளை, எப்படிப் போகுது?" என்றது ஒரு வயதான குரல்.

"எல்லாம் நல்லபடியா போகுது மாமா."

"சீட்டு எப்ப விழும்னு சொன்னீங்க? டாக்டர் இந்த மாசமாவது மூட்டு ஆபரேஷனைப் பண்ணிடலாம்ங்கறார்."

"அடுத்த மாசம் உங்களுக்குத்தான் மாமா. முதல் பேரே உங்க பேர்தான்."

அழைப்பு முடிந்தது. மேசை மேல் மின்வாரியத்தின் சிவப்பு அறிவிப்பு கிடந்தது. மேடம் அதைப் பார்த்தார், கல்லுவைப் பார்த்தார்.

"கடைசியா பெருசா ஜெயிச்சப்ப மாமனார் இதே கேள்வியைக் கேட்டிருப்பாரே, என்ன சொன்னீங்க?"

"ஞாபகம் இல்ல மேடம். ஏதாவது சொல்லியிருப்பேன்."

"ஏதோ ஓடுது மாமான்னு சொன்னார்," என்றது அடுப்படியிலிருந்து ஒரு குரல்.

சொன்ன பிறகு அவள் கரண்டி நின்றுவிட்டது. மேடமும் அவளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவள் கணவன் பக்கம் திரும்பினாள். "என்னங்க, பால் இல்ல. வாங்கிட்டு வாங்க."

பால் இருந்தது. ஒல்லி ஏற்கெனவே குளிர்பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டான். இருந்தும் வாயைத் திறக்கவில்லை. அவன் வாழ்க்கையில் அது அபூர்வமான நிமிடம்.

கல்லு படியிறங்கும் சத்தம் தேய்ந்ததும் மேடம் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "ஜெயிச்சா ஏதோ ஓடுதுன்னுவார். தோத்தா நல்லபடியா போகுதுன்னுவார். அப்படித்தானே?"

"ஜெயிச்சா யாராவது கடன் கேப்பாங்கன்னு பயம். தோத்தா யாராவது கொடுத்த கடனைக் கேப்பாங்கன்னு பயம். அவருக்கே தெரியாது. கல்யாணம் ஆனதுல இருந்து சாயங்காலம் எப்படிப் போச்சுன்னு நான்தானே கேக்கறேன்?" அவள் அடுப்பை அணைத்தாள். "ஊருக்குத்தான் மேடம் கல்லு. எனக்குக் கண்ணாடி."

"அதைப் பேராசிரியருக்கு வித்துட்டீங்க."

"விக்கல. சும்மா கொடுத்தேன்."

"ஏன்?"

"பொண்ணு பாக்க வந்தப்ப அப்பா கேட்டார், தம்பிக்கு என்ன தொழில்னு. இவர் சீட்டுன்னார். பொய் இல்ல. அப்பா சீட்டுக் கம்பெனின்னு நெனச்சுக்கிட்டார். இவரும் நெனச்சுக்கட்டும்னு விட்டுட்டார். நானும் விட்டுட்டேன், அது என் தப்பு. அப்பா ரயில்ல டிக்கெட் பரிசோதகரா இருந்தவர். ஆயுசு பூரா ஊரார் சீட்டை வாங்கிப் பாத்த மனுஷன், மாப்பிள்ளை சீட்டை மட்டும் பாக்கல. ரிட்டயர் ஆன பணத்தைக் கொண்டுவந்து இவர் கையில கொடுத்து, எனக்கும் ஒரு சீட்டு சேர்த்துக்குங்கன்னார். இவர் வேண்டாம்னு சொல்லியிருக்கலாம். அது ஒரு வறட்சி மாசம். வாங்கிக்கிட்டார்."

"உளி," என்றான் ஒல்லி மெதுவாக.

"அப்பா படிக்கட்டுல உக்காந்து உக்காந்து ஏறறார் மேடம். இவர் ஃபோன்ல நல்லபடியா போகுதுங்கறார். எனக்கு வயிறு எரிஞ்சுது. இந்த ஆட்டத்துல இருந்து இவரை அடிச்சு வெளியே தள்ளணும்னு நெனச்சேன். பேராசிரியர்கிட்ட போய்ச் சொன்னேன், இப்படி இப்படிக் கேளுங்க, மொத்தத்தையும் எடுத்துக்குங்க, எங்கப்பா பங்கை மட்டும் என்கிட்ட கொடுத்துடுங்கன்னு. நிச்சயமா அம்மணின்னார். ஜெயிச்ச அன்னிக்கே என் நம்பரை பிளாக் பண்ணிட்டார். அதுக்கு முன்னாடி ஒண்ணு அனுப்பிச்சார்."

"என்னது?"

"அவரோட வகுப்புல சேர பத்து சதவிகிதம் தள்ளுபடிக் கூப்பன்."

ஒல்லி தன்னையறியாமல் பல்லைக் கடித்தான். கழுத்தை அறுப்பவர்களை அவன் பார்த்திருக்கிறான். அறுத்த பிறகு சலூனுக்கு விளம்பரத் தாள் நீட்டுகிறவரை இப்போதுதான் கேள்விப்படுகிறான்.

"உங்க விலாசத்தை இவர் சட்டைப்பையில வச்சதே நான்தான்," என்றாள் அவள். "இவர் அடி வாங்கியாச்சு. இப்ப அந்த ஆளு முறை."

மேடம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். "உங்க வீட்டுக்காரர் என்கிட்ட கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்லியாகணும். யார்னும் சொல்லியாகணும்."

"நீங்க சொல்ல வேண்டாம்."

படியேறும் சத்தம் கேட்டது. கல்லு பால் பாக்கெட்டோடு உள்ளே வந்தான். அவள் அவனை நேராகப் பார்த்தாள்.

"பேராசிரியர்கிட்ட சொன்னது நான்தான்."

கல்லுவின் முகம் அசையவில்லை. ஆனால் கையிலிருந்த பாக்கெட்டின் மூலை பிதுங்கி, பால் மணிக்கட்டு வழியாக இறங்கி முழங்கையில் சொட்டத் தொடங்கியது. அவன் அதைக் கவனிக்கவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டான்.

"எந்த வார்த்தை?"

ஏன் என்று கேட்கவில்லை. எப்படி மனசு வந்தது என்று கேட்கவில்லை. ஒல்லிக்கு அந்த நிமிடம் அவள்மேல் இருந்த கொஞ்சநஞ்சக் கோபமும் போய்விட்டது.

அவள் சொன்னாள். அவன் இரண்டு வார்த்தைகளையும் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டான், புதுச்செருப்பைப் போட்டு நடந்து பார்ப்பவன்போல. "தெரியாமலேயே இத்தனை வருஷம்..." என்றவன், "ஞாயித்துக்கிழமையும் கேப்பான்," என்று முடித்தான்.

"கேக்க வைக்கறேன்," என்றாள் அவள். "மேடம், உங்க ஃபோனைக் கொஞ்சம் கொடுங்க. என் நம்பரை அவர் எடுக்க மாட்டார்."

பேராசிரியர் எடுத்தார். அவள் எடுத்த எடுப்பில் விம்மினாள். "சார், நான்தான் சார். வச்சிடாதீங்க. ஞாயித்துக்கிழமை வீட்டுப் பத்திரத்தை வச்சு ஆட வரார் சார். கொஞ்சம் விட்டுக்கொடுங்க சார். அவருக்கு இன்னும் ஒண்ணுமே தெரியாது சார், பழையபடியேதான் பேசிட்டு இருக்கார். நாங்க தெருவுக்கு வந்துடுவோம் சார்..."

"மனத்தைத் தேற்றிக்கொள் அம்மணி," என்றது மறுமுனை. குரலில் உற்சாகம் வழிந்தது. "எல்லாம் விதியின் கணக்கு."

அவள் செல்பேசியைத் திருப்பிக் கொடுத்தாள். கண்ணில் பொட்டு ஈரம் இல்லை. இந்த வீட்டில் இருப்பது ஒரு கல் அல்ல, இரண்டு என்று ஒல்லிக்கு அப்போது புரிந்தது.

*

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் சீட்டறை நிறைந்திருந்தது. போக்கரை ஒரு சாகசமாக நினைத்துக்கொண்டு வந்த ஒல்லிக்குப் பெருத்த ஏமாற்றம். கல்லு சீட்டை வாங்கினான், பார்த்தான், திருப்பிப் போட்டான். வாங்கினான், பார்த்தான், திருப்பிப் போட்டான்.

"என்ன மேடம் இது, தபாலாபீஸ்ல முத்திரை குத்தற மாதிரி இருக்கு. இதுக்கா ஊர் ஊர்ல இருந்து வந்து பாக்கறாங்க?"

"அதான் அவரோட வேலை. சும்மா இருக்கறது. உன்னால முடியுமா?"

ஒல்லி முயன்று பார்த்தான். முடியவில்லை. ஒரு பன் வாங்கிவரப் போனான்.

திரும்பி வந்தபோது அறை அமைதியாகியிருந்தது. மேசை நடுவே ராஜா, ராணி, மூன்று, ஏழு, இன்னொரு ஏழு. கல்லு தன் சில்லுகள் அத்தனையையும் இரு கையாலும் நடுவே தள்ளிவிட்டிருந்தான். அந்தச் சில்லுகளுக்குள் ஒரு சமையலறையும் ஒரு படுக்கையறையும் பழுது பார்த்த ஒரு குழாயும் இருந்தன. சுவரோரம் அவன் மனைவி கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

பேராசிரியர் காமிரா இருக்கும் பக்கம் முகத்தைக் கொஞ்சம் சாய்த்தார். கன்னத்தில் விரல் வைத்தார். தேன் வடிய, "வீட்ல எல்லாரும் சௌக்கியமா?" என்றார்.

கல்லு கொஞ்சம் தயங்கினான். அந்தத் தயக்கம் அவன் போட்டதா, தானாக வந்ததா என்று ஒல்லியால் கடைசிவரை தீர்மானிக்க முடியவில்லை.

"எல்லாம் நல்லபடியா போகுது."

பேராசிரியர் மலர்ந்தார். எழுந்தே நின்றார். "நேயர்களே, கவனியுங்கள்! உதடு பொய் சொல்லும், மூச்சு பொய் சொல்லாது. இந்த நண்பரின் கையில் காற்றைத் தவிர வேறொன்றும் இல்லை. மூன்றாவது பாடம்!" தன்னிடமிருந்ததை எல்லாம், போன மாதம் வென்றதையும் அதற்கு முந்தைய மாதங்கள் வென்றதையும் சேர்த்து, நடுவே தள்ளிவிட்டு ராணி ஒன்றைத் திருப்பிப் போட்டார். ராணி ஜோடி, ஏழு ஜோடி.

கல்லு தன் இரண்டு சீட்டுகளையும் திருப்பினான். ராஜா. இன்னொரு ராஜா.

மேசையிலிருந்த ராஜாவோடு சேர்த்து மூன்று ராஜா, இரண்டு ஏழு. சீட்டு போடும் பெண் அத்தனை சில்லுகளையும் ஒரு குச்சியால் கல்லு பக்கம் ஒதுக்கினாள். பின்வரிசையில் யாரோ, "சார், மூச்சுல ஜலதோஷம் போல!" என்றார். அறை குலுங்கிச் சிரித்தது.

பேராசிரியரின் கண்ணாடி மூக்கு நுனிக்கு இறங்கியிருந்தது. செந்தமிழ் அதற்கும் கீழே இறங்கிவிட்டது.

"டேய்! ஃபிராடு! நாடகமாடா போடறீங்க? உன் பொண்டாட்டிதான்டா சொன்னா! நல்லபடியா போகுதுன்னு சொன்னா கையில ஒண்ணும் இல்லைன்னு அவதான்டா வந்து சொல்லிக் கொடுத்தா! இல்லைன்னா எனக்கு எப்படிடா தெரியும்?"

கடைசிக் கேள்வி அறையில் அப்படியே தொங்கியது. சிரிப்பு நின்றுவிட்டது. முன்வரிசையில் அவருடைய மாணவர்கள் சிலர் உட்கார்ந்திருந்தார்கள், முழுக் கட்டணம் கட்டியவர்கள். அவர்களில் ஒருவர் எழுந்து, "அப்ப மூச்சு?" என்றார். பேராசிரியர் காமிராவைப் பார்த்தார். அதன் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது.

"மூணாவது பாடத்துக்குத் தனிக் கட்டணம்னீங்களே சார்?" என்றார் இன்னொருவர், நாற்காலியைத் தள்ளிக்கொண்டு.

மேடம் ஒல்லியின் கையிலிருந்த பன்னில் பாதியைப் பிய்த்து எடுத்துக்கொண்டார். "மூக்கு," என்றார், மென்றபடி.

*

காசாளர் கூண்டருகே கல்லு பணக்கட்டுகளை வாங்கித் திரும்பியபோது மனைவி பையைத் திறந்து நீட்டினாள். அவன் ஒவ்வொன்றாகப் போட்டான். பை நிறைந்தது. கையில் ஒரு கட்டு மிஞ்சியது. அவன் அதைத் தன் சட்டைப்பைக்குக் கொண்டுபோனான். அவள் பையை மூடவில்லை. அப்படியே நீட்டிக்கொண்டு நின்றாள்.

"ஆடறதுக்குக் கொஞ்சமாவது முதல் வேணும்மா."

"வட்டிக்காரருக்கு இருக்கு. அப்பாவுக்கு இருக்கு. உங்களுக்குன்னு நான் எதையும் எண்ணி வைக்கல."

கட்டு பைக்குள் விழுந்தது.

"அப்பா கீழே மேடம் கார்ல உக்காந்திருக்கார்," என்றாள். "இன்னிக்குச் சீட்டு விழும், வாங்கிக்க வாங்கன்னு கூட்டிட்டு வந்தேன். என்ன சீட்டுன்னு நீங்களே போய்ச் சொல்லிடுங்க."

பேராசிரியரின் எதிரே வீட்டைப் பணயம் வைத்து அசையாமல் உட்கார்ந்திருந்தவனின் நெற்றியில், மூக்கில், மேலுதட்டில் முத்து முத்தாக வியர்த்தது. "நீ சொல்லிடேன்," என்றான். "உனக்குத்தான் அவர்கிட்ட பேச வரும்." அவள் முன்னால் நடந்துவிட்டாள்.

ஒல்லி ஓட்டுநர் இருக்கையில் ஏறினான். மேடம் அவன் பக்கத்தில். பின்னிருக்கையில் முதியவர் ஒரு காலை நீட்டி, கைத்தடியை முழங்காலுக்கு முட்டுக் கொடுத்து உட்கார்ந்திருந்தார். மகள் மறுபக்கம் ஏறி, பையை அவர் மடியில் வைத்தாள். கல்லு ஜன்னலோரம் வந்து நின்றான்.

"மாமா, அது... நீங்க நெனச்ச சீட்டு இல்ல."

"எந்தச் சீட்டு?"

"நான் போட்டுட்டு இருந்தது. அது சீட்டுக் கம்பெனி இல்ல." அவன் ஜன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டான். "சீட்டுக்கட்டு. பணம் வச்சு ஆடறது. ஆரம்பத்துல இருந்தே அதான். உங்க பணத்தையும் அதுலதான் போட்டேன். வேணும்னு மறைச்சேன்."

முதியவர் மடியிலிருந்த பையைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். அவள் முன்கண்ணாடி வழியே தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் அவசரப்படவில்லை. ஓடும் ரயிலில் சட்டைப்பைகளைத் தடவித் தேடுகிறவர்களுக்கு நேரம் கொடுத்துப் பழகியவர்.

"மாமா, என்னை வேணா நாலு வார்த்தை திட்டிடுங்க."

"திட்ட மாட்டேன் மாப்பிள்ளை. சர்வீஸ்ல ஒருத்தரையும் திட்டினதில்ல." அவர் கைத்தடியின் நுனியால் கதவின் பூட்டை உள்ளிருந்து அமுக்கினார். "சீட்டு இல்லாம ஏறினவங்களை எறக்கி விட்டிருக்கேன். அவ்வளவுதான்."

பிறகு முன்னால் குனிந்து ஒல்லியின் தோளைத் தொட்டார்.

"வண்டியை எடுப்பா."